நான்கு மாதமாகப் பீரோவை விட்டு இறங்காத பூனை

வாசகி ஒருவர் தன் வீட்டுப் பூனைகளைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். பூனைகளின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது:

வீட்டில் இரண்டு பூனைகள். செல்லி 7 வயதுப் பெட்டை. கருப்பன் 3 வயதை எட்டப்போகும் கடுவன். மூன்று வாரக் குட்டியாக, தாயில்லாமல் கிடந்த கருப்பனை எடுத்து வந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் வாசகிதான். செல்லி முதல் சில வாரம் சீறிவிட்டு அப்புறம் அவனை ஏற்றுக்கொண்டாள். இரண்டும் ஒட்டிக்கொண்டு தூங்கும் படம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு நடுராத்திரி, பால்கனிக் கதவுக்கு வெளியே ஒரு தெருப்பூனை வந்து நின்று கத்தியிருக்கிறது. உள்ளே இருந்த கருப்பன் கண்ணாடியில் போய் மோதினான். சத்தம் கேட்டு ஓடிவந்த செல்லி மேல் அடுத்த நொடி பாய்ந்தான். மயிர் பறக்கச் சண்டை. பிரிக்கப் போன வாசகிக்குக் கையில் கடி. அன்றிலிருந்து செல்லியைக் கண்டாலே கருப்பன் துரத்துகிறான். செல்லி பகல் முழுக்கப் பீரோ மேலேயே இருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இறங்கி, இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் சாப்பிடுகின்றன. சில வாரமாக செல்லி மெத்தையில் சிறுநீர் கழிக்கிறாள்.

கருப்பனை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். 14 வயது மகள் கருப்பனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். தெரிந்தவர் ஒருவர், "அடித்துக்கொள்ளட்டும் விடுங்கள், யார் பெரியவர் என்று முடிவானால் அடங்கிவிடும்" என்கிறார். இன்னொருவர் மூன்றாவதாக ஒரு குட்டி எடுக்கச் சொல்கிறார். வாசகி, கருப்பன் துரத்தும்போதெல்லாம் அவன் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்திருக்கிறார். "செல்லி என்னைப் பழிவாங்குகிறாளா? கருப்பனுக்குப் பொறாமையா? இரண்டையும் தனித்தனி அறையில் அடைத்தால் பாவமில்லையா? மறுபடியும் அந்தப் படத்தில் இருப்பது போல் தூங்குவார்களா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்விகளுக்குப் போகும் முன், போகிற போக்கில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். "மெத்தையில் அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறாள், ஒரு தடவை லேசாக ரோஸ் நிறத்தில் இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். ரோஸ் நிறம் என்றால் சிறுநீரில் ரத்தம் கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் படிக்கும் நாளன்றே, முடியாவிட்டால் மறுநாள், செல்லியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பூனைகளுக்குச் சிறுநீர்ப்பையில் ஒரு வகை அழற்சி வரும். பரிசோதித்தால் பெரும்பாலும் கிருமி இருக்காது, கல்லும் இருக்காது. ஆனால் உள்சுவர் புண்ணாகி இருக்கும். இதைத் தூண்டிவிடும் காரணங்களில் முக்கியமானது மன அழுத்தம். வீட்டில் இன்னொரு பூனையோடு ஒத்துப்போகாத பூனைக்கு இது வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சிறுநீர் கழிக்கும்போது வலிக்கிறது. வலி வந்த இடம் லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை மலசலம் கழிக்க வீட்டில் வைக்கும் பெட்டி. அதனால் "அந்த இடத்துக்குப் போனால் வலிக்கும்" என்று பூனை மனதில் பதிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, உங்கள் வீட்டு லிட்டர் பாக்ஸ் குளியலறையின் உள்மூலையில் இருக்கிறது, உள்ளே போக ஒரே வாசல், அந்த வாசலில்தான் கருப்பன் படுத்திருப்பான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செல்லியின் இடத்திலிருந்து யோசியுங்கள். மெத்தை மென்மையானது, உறிஞ்சிக்கொள்ளும், உயரமாக இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் தெரியும், உங்கள் வாசனையும் அதில் இருக்கிறது. வீட்டிலேயே அவளுக்குப் பத்திரமாகத் தோன்றும் இடம் அது. பழிவாங்கத் திட்டம் போடும் புத்தி பூனைக்குக் கிடையாது. உங்கள் மேல் அவளுக்குக் கோபமே இல்லை.

மருத்துவர் சிறுநீரைப் பரிசோதிப்பார், வலிக்கு மருந்து கொடுப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

கருப்பனையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். துரத்துகிற பூனைக்கு நோய் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பல் வலியும் மூட்டு வலியும் உள்ள பூனை சீக்கிரம் எரிச்சல்படும். வயதான பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு அது இருந்தது. கருப்பன் இளையவன், அவனுக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஆனாலும் அவன் கடுவன் என்பதால் இன்னொன்றைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அவன் எப்போதாவது லிட்டர் பாக்ஸில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் போனால், அடிக்கடி பின்பக்கத்தை நக்கிக்கொண்டு கத்தினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது. அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்து.

உங்கள் கைக் கடி பற்றியும் ஒரு வார்த்தை. "சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் பூனைப்பல் ஊசி மாதிரி மெல்லியது, கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிடும், மேலே தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். இனி கடி பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி அவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு பூனைகளின் தடுப்பூசிகளும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ராத்திரி நடந்தது

கருப்பனுக்குச் செல்லி மேல் பொறாமை இல்லை. அந்த ராத்திரி அவன் கோபம் முழுக்க வெளியே நின்ற பூனை மேல்தான். அதை எட்ட முடியவில்லை, நடுவில் கண்ணாடி. உடம்பு முழுக்கச் சண்டைக்குத் தயாராக நிற்கிற நேரத்தில் பக்கத்தில் எது அசைந்தாலும் அதன் மேல் பாயும். அசைந்தது செல்லி. நீங்கள் போயிருந்தாலும் உங்கள் மேல் பாய்ந்திருப்பான், போனீர்கள், பாய்ந்தான். இதை நாங்கள் திசைமாறிய ஆக்ரோஷம் என்போம். இந்த வேகம் அடங்கச் சில மணி நேரம் ஆகலாம், சில பூனைகளுக்குச் சில நாட்கூட ஆகும்.

அது அடங்கிய பிறகும் பகை ஏன் தொடர்கிறது? நாய்கள் சண்டை போட்டுக்கொண்டால் தணிந்துபோவதற்கும் சமாதானம் ஆவதற்கும் அவற்றிடம் நிறைய உடல்மொழி உண்டு. பூனைகளிடம் அது மிகக் குறைவு. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடி, ஒரு எலியைத் தனியாகத் தின்று, தனக்கென்று ஓர் எல்லையில் வாழும் விலங்கு. பிடிக்காத இன்னொரு பூனை வந்தால் அதற்குத் தெரிந்த வழி விலகிப் போவதுதான். வீட்டுக்குள் விலகிப் போக இடம் இல்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு செல்லி கருப்பனைக் கண்டதும் உடம்பைக் குறுக்கிச் சீறியிருப்பாள். அவன் கண்ணுக்கு அது மிரட்டலாகத் தெரியும். அவன் முறைப்பான், அவள் ஓடுவாள். ஓடுகிற எதையும் பூனை துரத்தும். இப்படி ஒவ்வொரு நாளும் ஒருவர் பயத்தை இன்னொருவர் வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். மகளிடம் இதைச் சொல்லுங்கள். கருப்பன் கெட்டவன் ஆகிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பயந்துபோன பூனைகள் அந்த வீட்டில் இரண்டு இருக்கின்றன.

அவன் வயதும் இதில் சேர்ந்துகொண்டிருக்கும். பூனைகள் உடலால் ஒரு வயதுக்குள் வளர்ந்துவிட்டாலும், மனதளவில் முழுவளர்ச்சி அடைவது 2 வயதுக்கும் 4 வயதுக்கும் இடையில். குட்டியில் ஒட்டி உறவாடிய பூனைகள் இந்த வயதில் எல்லை பிரிக்க ஆரம்பிப்பது சகஜம். அந்த ராத்திரி நடக்காமல் இருந்திருந்தாலும் சின்னச் சின்ன உரசல் வந்திருக்கலாம். மூன்று வாரத்தில் தாயைப் பிரிந்து தனியாகப் புட்டிப்பாலில் வளர்ந்தவன் என்பதும் உண்டு. கூடப் பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைப் பூனை கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தால் அவன் பிழைத்திருக்கவே மாட்டான், அதனால் இதை உங்கள் தவறாக நினைக்க வேண்டாம்.

சாப்பிடும்போது ஒற்றுமையாக இருக்கிறார்களா?

"சாப்பிடும் நேரத்தில் மட்டும் சண்டையே இல்லை, பக்கத்துப் பக்கத்தில் சாப்பிடுகிறார்கள்" என்று ஆறுதலாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. சாப்பாடு அங்கே மட்டும்தான் இருக்கிறது, அதனால் செல்லி பயத்தை அடக்கிக்கொண்டு வருகிறாள். அடுத்த தடவை உற்றுப் பாருங்கள். காதுகள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், முதுகு குறுகியிருக்கும், வேகவேகமாக விழுங்கிவிட்டுப் போவாள். பூனைகள் நண்பர்களா என்று அறிய வேறு அடையாளங்கள் உண்டு: ஒன்றையொன்று நக்கிவிடுவது, கன்னத்தை உரசிக்கொள்வது, உடம்பு தொட்டுக்கொண்டு தூங்குவது. உங்கள் படத்தில் அது இருந்தது. இப்போது இல்லை.

அதே போல, சத்தம் இல்லாத நாளை நல்ல நாள் என்று கணக்கு வைக்காதீர்கள். பூனைப் பகையில் பெரும்பகுதி சத்தமே இல்லாதது. கருப்பன் குளியலறை வாசலில் படுத்திருப்பது, நடைவழியில் நீட்டிப் படுத்துக்கொண்டு செல்லியை இமைக்காமல் பார்ப்பது, அவள் இறங்க நினைத்துவிட்டு மறுபடி பீரோ மேலேயே உட்கார்ந்துகொள்வது, இவை எல்லாமே சண்டைதான்.

விளையாட்டுக்கும் சண்டைக்கும் குழம்பினால் இப்படிப் பாருங்கள். விளையாட்டில் மாறி மாறித் துரத்துவார்கள், நகம் உள்ளே இருக்கும், சத்தம் இருக்காது, நடுவில் நிறுத்தி நிறுத்தித் தொடர்வார்கள். எப்போதும் ஒருவரே ஓடுகிறார், காது தட்டையாகத் தலையோடு ஒட்டிக்கொள்கிறது, வால் புசுபுசுவென்று பருக்கிறது, அலறல் கேட்கிறது என்றால் அது விளையாட்டு இல்லை.

"அடித்துக்கொள்ளட்டும், யார் பெரியவர் என்று தெரிந்துவிடும்" என்ற யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். பூனைகளுக்குள் தலைவன், அடுத்தவன் என்று அப்படி ஒரு வரிசை கிடையாது. ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டையை எளிதாக்கும். அதோடு, பூனைக்கடி மேலே ஆறி உள்ளே சீழ்க்கட்டியாவதை வாரம் ஒன்றாவது அறுத்துச் சுத்தம் செய்கிறேன். கடித்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வீக்கமும் காய்ச்சலும் தெரியும். மூன்றாவது குட்டி யோசனையும் வேண்டாம். இருவருக்கே இடம் போதாமல் இருக்கும் வீடு அது.

தண்ணீர் தெளிப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். செல்லியைப் பார்க்கும்போதெல்லாம் மேலே தண்ணீர் விழுந்தால், கருப்பன் கற்றுக்கொள்வது "துரத்தக் கூடாது" என்பதை இல்லை, "அவள் வந்தால் ஏதோ கெட்டது நடக்கும்" என்பதை. உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையும் குறையும்.

பிரித்து வைப்பது பாவமா?

இல்லை. இப்போது செல்லி ஒரு பீரோவின் மேல்பலகையில்தான் வாழ்கிறாள். ஒரு முழு அறை, அதில் சாப்பாடு, தண்ணீர், லிட்டர் பாக்ஸ், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, கதவு மூடியிருக்கிறது என்ற நிம்மதி, இது அவளுக்குச் சிறையாக இருக்காது. நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக நீட்டி நிமிர்ந்து தூங்குவாள். அதைப் பார்த்தால் உங்கள் மனதும் ஆறும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள், அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பூனைகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது பெரிதும் வாசனையால். மருத்துவமனை மருந்து வாசனையோடு வரும் பூனையை வீட்டுப் பூனை அந்நியன் என்று நினைத்துத் தாக்குவது உண்டு. அதனால் செல்லியை நேராக அவள் அறைக்குக் கொண்டுபோங்கள்.

முதல் ஒன்றிரண்டு வாரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். குடும்பத்தில் எல்லாரும் இரண்டு பக்கமும் நேரம் செலவிடுங்கள். ஒரு மெல்லிய துணியால் செல்லியின் கன்னத்தைத் தடவி, அதைக் கருப்பன் பக்கம் ஒரு மூலையில் போடுங்கள், அவனுடையதை இவள் பக்கம். கன்னத்தில்தான் நட்பு வாசனை சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. துணியை மூக்கருகில் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம், அவர்களாக முகர்ந்து பார்க்கட்டும். முகர்ந்துவிட்டுச் சீறாமல் நகர்ந்தால், அது முன்னேற்றம். அப்புறம் நாளுக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். செல்லி ஹாலில் சுற்றட்டும், அந்த நேரம் கருப்பன் அவள் அறையில் இருக்கட்டும்.

இது சரியாகப் போனால் மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள், முதலில் கதவிலிருந்து நன்றாகத் தள்ளி. இரண்டும் நிதானமாகச் சாப்பிட்டால் மறுநாள் ஒரு சாண் நெருக்கி வையுங்கள். கதவருகே வந்தும் அமைதியாகச் சாப்பிட்டால், அடுத்தது பார்வை. கதவு இருந்த இடத்தில் வலைத்தடுப்பு ஒன்று போட்டு, அதன் மேல் முக்கால்வாசி போர்வை தொங்கவிடுங்கள். இரண்டுக்கும் மிகப் பிடித்த தீனி அப்போது மட்டும் வரட்டும். இரண்டு நிமிடம் போதும். ஒருவர் இமைக்காமல் முறைத்தால் சத்தமில்லாமல் போர்வையை இறக்கிவிட்டு, அடுத்த நாள் தூரத்தைக் கூட்டுங்கள்.

தடுப்பில்லாமல் சந்திப்பது கடைசிப் படி. அதற்குள் நகம் வெட்டியிருக்கட்டும். கருப்பனை அதற்கு முன் கால் மணி நேரம் குச்சியில் இறகு கட்டி நன்றாக ஓடவிட்டுக் களைக்க வையுங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரமும் ராத்திரியும் கதவு மூடியே இருக்கட்டும். இந்த முழுப் பயணத்துக்கு எவ்வளவு நாள் என்று கேட்டால், நான் பார்த்தவரை சீக்கிரம் முடிந்தவர்களுக்கு ஆறு வாரம், பலருக்கு ஆறு மாதம். அவசரப்பட்டு ஒரு சண்டை நடந்துவிட்டால் திரும்ப முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். இதில் தோற்றவர்களில் பெரும்பாலோர் கதவைச் சீக்கிரம் திறந்தவர்கள்தான்.

நடுவில் சண்டை வந்துவிட்டால் கையை நுழைக்காதீர்கள். பெரிய அட்டை ஒன்றையோ தலையணையையோ இரண்டுக்கும் நடுவில் செருகி, பார்வையை மறைத்தால் போதும். பிரிந்த பிறகு தூக்கிச் சமாதானப்படுத்தவும் வேண்டாம். இருட்டான அமைதியான அறையில் ஒவ்வொன்றையும் தனியாக விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் வழிகள்

இந்த வாரங்களில் வீட்டைச் செல்லியின் உயரத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள். முக்கியமானது, எந்த இடத்திலும் அவள் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது. லிட்டர் பாக்ஸ் இரண்டு பூனைக்கு மூன்று வேண்டும். மூன்றையும் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒன்றுதான், ஏனென்றால் ஒரே ஒருவன் நின்று மூன்றையும் மறித்துவிடலாம். வேறு வேறு அறையில், போகவும் வரவும் இரண்டு வழி இருக்கும் இடத்தில் வையுங்கள். மூடி போட்ட பெட்டி வேண்டாம், உள்ளே இருந்து வெளியே தெரியாது. சாப்பாட்டுக் கிண்ணங்கள் ஒன்றின் பார்வையில் ஒன்று படாத இடங்களில் இருக்கட்டும்.

உயரத்தைக் கூட்டுங்கள். பீரோவுக்கு ஏறும் வழி இப்போது ஒன்றுதான் என்றால், இன்னொரு பக்கம் ஒரு பலகையோ நாற்காலியோ போட்டு இறங்கும் வழி செய்யுங்கள். ஜன்னலோரம் இரண்டு இடம், ஒன்று மேலே ஒன்று கீழே. பூனைகள் ஒரே இடத்தை நேரம் பிரித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவை. காலையில் ஒருவர், மதியம் இன்னொருவர் என்று தாங்களே ஓர் ஏற்பாட்டுக்கு வந்துவிடும், நாம் இடம் மட்டும் கொடுத்தால் போதும்.

பால்கனிக் கதவை மறந்துவிட வேண்டாம். அந்தத் தெருப்பூனை இன்னும் வருகிறதென்றால் நாம் செய்வதெல்லாம் ஒவ்வொரு ராத்திரியும் குலைந்துபோகும். கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு வெளியே தெரியாத காகிதம் ஒட்டிவிடுங்கள், ராத்திரியில் அந்த அறைக் கதவை மூடுங்கள்.

மெத்தையை நொதி கலந்த சுத்தப்படுத்தியால் துடையுங்கள். அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், சிறுநீரிலும் அம்மோனியா வாசனை இருப்பதால் திரும்ப அங்கேயே வருவாள். வாசனைக்காக எசன்ஷியல் ஆயில் எதையும் டிஃப்யூசரில் ஊற்றவும் வேண்டாம், பல எண்ணெய்கள் பூனைக்கு நஞ்சு. பூனையின் நட்பு வாசனையைப் போலச் செய்ததை அறையில் பரப்பும், பூனைகளுக்கென்றே செய்யப்பட்ட ஃபெரமோன் டிஃப்யூசர் வேறு விஷயம். சில வீடுகளில் கொஞ்சம் உதவுகிறது. அதை மட்டும் செருகிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

மாத்திரையும் வேறு வீடும்

ஓரிரு மாதம் ஒழுங்காகச் செய்தும் பயம் குறையவில்லை என்றால், மருந்து பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். மனிதர்களுக்கு மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூயாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் பூனைகளுக்கும் தரப்படுகின்றன. முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். மயக்கிப் படுக்க வைப்பதற்காகத் தருவது இல்லை இது, பயத்தின் கூர்மையைக் குறைத்து, கற்றுக்கொள்ள வைக்கும். சில சமயம் மருந்து பயப்படுகிற பூனைக்கே அதிகம் தேவைப்படும். இந்த வீட்டில் அது செல்லியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவள் ஓடுவதை நிறுத்தினால் அவன் துரத்துவது பாதி குறையும். மருந்தையும் அளவையும் நேரில் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

உங்கள் கணவர் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. எல்லாம் செய்து பார்த்த பிறகும் ஒரு பூனை தினமும் பயத்தில் வாழ்கிறது, நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், ஒன்றை வேறு பூனை இல்லாத நல்ல வீட்டுக்குக் கொடுப்பது அந்தப் பூனைக்குச் செய்யும் நல்லதுதான். சில வீடுகளில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு அறையாகப் பிரித்து நிரந்தரமாக வாழ்கிற குடும்பங்களும் உண்டு, பூனைகள் நிம்மதியாகவே இருக்கின்றன. ஆனால் அந்த முடிவை இன்று எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். வலியில் இருக்கிற பூனையும் நான்கு மாதமாகத் துரத்தப்படுகிற பூனையும் எப்படிப்பட்டவை என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாதம் கேளுங்கள். எந்த நிலையிலும் கருப்பனைத் தெருவில் கொண்டுபோய் விடுவது என்பது ஒரு வழியே இல்லை. மூன்று வாரத்திலிருந்து மனிதர் கையில் வளர்ந்தவனுக்கு அங்கே பிழைக்கத் தெரியாது.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு நோட்டில் தினமும் எழுதட்டும்: செல்லி எத்தனை முறை சிறுநீர் கழித்தாள், எங்கே, இரண்டும் எவ்வளவு சாப்பிட்டன, துணியை முகர்ந்து என்ன செய்தன. ஒரு நாள் முழுக்க எதையும் தொடாத பூனையைப் பற்றி உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டினி கிடக்கும் பூனைக்குச் சில நாளில் ஈரலில் கொழுப்பு படிந்து கெட்டுப்போகும். நோட்டோடு, கருப்பனோடு ஒரு கால் மணி நேர விளையாட்டும் அவள் பொறுப்பாக இருக்கட்டும். இரண்டு வாரத்தில் அவனோடு மறுபடி பேச ஆரம்பித்துவிடுவாள்.

கடைசியாக அந்தப் படம். மறுபடியும் அப்படித் தூங்குவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தூங்கலாம், ஆனால் நான் அதை எதிர்பார்க்கச் சொல்ல மாட்டேன். அது ஒரு குட்டியும் அதை ஏற்றுக்கொண்ட பெரிய பூனையும் இருந்த காலத்துப் படம். இப்போது இருப்பவர்கள் வளர்ந்த இரண்டு பூனைகள். என்னிடம் வந்த ஜோடிகளில் சில பழையபடி ஆனார்கள். அதிகம் பேர், ஒரே ஹாலில் ஆளுக்கொரு மூலையில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் அளவுக்கு வந்தார்கள். நான் காத்திருப்பது அதற்குத்தான். செல்லி ஒரு நாள் தானாகப் பீரோவிலிருந்து இறங்கி, கருப்பன் படுத்திருக்கும் ஹாலைக் கடந்து, தண்ணீர் குடித்துவிட்டு, ஓடாமல் நடந்து திரும்பினால் எனக்கு எழுதுங்கள். அதற்கு முன், சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.